இரு வீட்டாரையும் ஒன்று சேர்க்கும் கல்யாணச் சடங்குகள்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்யாணப் பந்தியில் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசையில் இருப்பார்கள், பெண் வீட்டார் இன்னொரு வரிசையில். தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் பெண்ணின் சித்தப்பாவுக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா யாரென்றே தெரியாது. மேடையில் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டு குடும்பங்கள் உண்மையிலேயே நெருங்க வேண்டுமானால், இரு பக்கத்துக் கைகளும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் செய்கிற சடங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் மற்றவர்கள் அதை வேடிக்கைதான் பார்ப்பார்கள். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான். ஐயரை வைத்துச் செய்தாலும், பெரியவர்களை வைத்துத் தாலி எடுத்துக் கொடுத்தாலும், பதிவுத் திருமணம் செய்துவிட்டு மண்டபத்தில் வரவேற்பு மட்டும் வைத்தாலும் இது பொருந்தும்.

முதல் வேலை: இரண்டு வீட்டு வழக்கத்தையும் எழுதிக்கொள்வது

நிச்சயதாம்பூலம் முடிந்த கையோடு இதைச் செய்துவிட வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு பேச உட்கார்ந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு வீட்டு வழக்கம், அந்தப் பக்கம் இன்னொரு வீட்டு வழக்கம் என்று எழுதுங்கள். முகூர்த்தக்கால் எங்கே நடுவது, முகூர்த்தப் புடவை யார் எடுப்பது, தாய்மாமன் சீர் எந்த நேரத்தில் மேடைக்கு வரும், அரசாணிக்கால் உண்டா, அம்மி மிதிப்பது உண்டா, தாலி முடிச்சு யார் போடுவது, நாத்தனார் விளக்கு பிடிப்பாரா. நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவும் மாறும். மேலூர்ப் பக்கம் செய்வது ஒன்றாக இருக்கும், உசிலம்பட்டிப் பக்கம் செய்வது வேறாக இருக்கும். மதுரை டவுனுக்குள்ளேயே சௌராஷ்டிரர் வீட்டுக் கல்யாணம் ஒரு மாதிரி, பக்கத்துத் தெருவில் வேறொரு மாதிரி.

இதைக் கேட்கப் போவது மாப்பிள்ளையோ பெண்ணோ வேண்டாம். இரண்டு வீட்டிலும் வயதில் மூத்த பெண்களிடம் இன்னொரு பெண் போய்க் கேட்கட்டும். "மதினி, உங்க வீட்டுல நாத்தனார் விளக்கு புடிப்பாங்களா, இல்ல வேற முறையா?" என்று அத்தையோ சித்தியோ கேட்டால் பேச்சு தானாக நீளும். அப்போது மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: எதை விடவே முடியாது, எதை விட்டாலும் பரவாயில்லை, எதைச் செய்தால் மனசு நோகும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மண்டபத்தில் வெடிக்கிற சண்டை முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது.

இருக்கிற சடங்கிலேயே இடம் இருக்கிறது

புதிதாக எதையும் தேடுவதற்கு முன்னால், நம் கல்யாணத்திலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மீனாட்சி திருக்கல்யாணமே நல்ல எடுத்துக்காட்டு. தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். முருகன் தெய்வானையோடு வருகிறார். ஊர்ச் சனங்கள் மொய் எழுதுகிறார்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது.

வீட்டுக் கல்யாணத்திலும் அப்படித்தான். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவர் அக்காவோ தங்கையோ போடுவது பல வீடுகளில் வழக்கம். அந்தப் பெண் மணமகளின் பின்னால் குனிந்து, கூந்தலையும் மாலையையும் ஒதுக்கி, ஈர மஞ்சள் கயிற்றை இழுத்து முடிகிற அந்தச் சில நொடிகள், இரண்டு பெண்களுக்கு இடையிலான முதல் தொடுகை. கெட்டிமேளச் சத்தத்திலும் அட்சதை மழையிலும் அது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. நாத்தனாரை முதல் நாளே அழைத்து வந்து பெண்ணோடு உட்கார வைத்துப் பேச விடுங்கள். முடிச்சுப் போடுகிறவர் யாரென்றே தெரியாத பதற்றம் பெண்ணுக்கு இருக்காது.

பெண் பக்கம் இதே இடத்தில் மச்சான் இருக்கிறார். மச்சான் மோதிரம் போடுகிற வழக்கம் இருந்தால் அதை அவசரமாக முடிக்காமல், அவரை மேடைக்கு அழைத்து, பெயர் சொல்லி, இரு வீட்டாரும் பார்க்கும்படி செய்யுங்கள். தாய்மாமன் சீரையும் அப்படித்தான். இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களும் தட்டோடு தனித்தனியாக வாசலிலிருந்து வருவதற்குப் பதில், ஒரே மேளத்துக்குப் பின்னால் சேர்ந்து வரட்டும். செலவும் குறையும், "யார் சீர் பெரிது" என்ற ஒப்பீட்டுப் பேச்சும் கொஞ்சம் அடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது தாலித் தட்டு சபைக்கு வருவது. தேங்காய் மேல் தாலியைச் சுற்றி வைத்து, அட்சதையோடு தட்டில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் எல்லோரையும் தொட்டு ஆசீர்வதிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் ஓட்டமாக ஓடிவந்து, முதல் மூன்று வரிசையோடு திரும்பிவிடுவார். இதை மாற்றுங்கள். இரண்டு தட்டு அட்சதை, இரண்டு ஆட்கள். பெண் வீட்டு ஆள் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும் பக்கம் போகட்டும், மாப்பிள்ளை வீட்டு ஆள் பெண் வீட்டார் பக்கம் போகட்டும். தாலி உள்ள தட்டை இருவரும் பாதிப் பாதி வரிசைக்குக் கைமாற்றிக்கொள்ளலாம். "நான் பொண்ணுக்கு அத்தை, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபம் முழுக்க அறிமுகம் நடந்துவிடும். கால் மணி நேரம் முன்னதாகவே தொடங்க வேண்டும். முகூர்த்தம் நெருங்கிவிட்டால் ஐயர் தட்டைத் திருப்பி அழைத்துவிடுவார்.

அந்த அட்சதையையும் இரண்டு வீட்டு அரிசிப் பானையிலிருந்தும் எடுத்துக் கலந்துகொள்ளலாம். உடையாத பச்சரிசி, மஞ்சள் தூள், பிசிற ஒரு ஸ்பூன் நெய். ஈரம் இருந்தால் உருண்டை கட்டும், ஆகவே முந்தின நாள் மாலையே கலந்து தட்டில் பரப்பி உலர விட வேண்டும். நேரமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த ஒன்று மட்டும் போதும்.

புதிதாகச் சேர்ப்பதானால் ஒன்றே ஒன்று

முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் என்று பத்திரிகையில் போட்டாலும் மேடையில் உங்கள் கையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். இரண்டு மூன்று புதுச் சடங்கு வைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

விளக்கு ஏற்றுவது எளிது. இரு வீட்டுப் பூஜை விளக்கிலும் ஏற்றிய அகலைக் கொண்டுவந்து, இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரு குத்துவிளக்கை ஏற்றலாம். மெழுகுவர்த்தியில் செய்கிறவர்கள் சிலர் பெரியதை ஏற்றிவிட்டுச் சின்னதை ஊதி அணைப்பதுண்டு. நம் வீடுகளில் விளக்கை ஊதி அணைப்பது ஆகாது. அகல் இரண்டும் குத்துவிளக்கின் பக்கத்திலேயே எரியட்டும். மேடைக்கு நேரே இருக்கும் மின்விசிறியை அந்த இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லி ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

இரண்டு நிற மணலை ஒரு கண்ணாடிக் குடுவையில் கொட்டுவதை இப்போது சில மண்டபங்களில் பார்க்கிறேன். படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் நம் பாட்டிகளுக்கு அதில் பிடிமானம் இல்லை, அதனால் நான் சொல்வதில்லை. தண்ணீர் கலப்பது அதைவிட நம்முடையது. இரண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீரை இரண்டு செம்பில் கொண்டுவந்து ஒரே குடத்தில் ஊற்றி, அதிலிருந்து மாவிலையால் எல்லோர் மேலும் தெளிக்கலாம். அதே குடத்தில் மோதிரம் போட்டு எடுக்கும் விளையாட்டையும் வைத்துக்கொள்ளலாம். வைகையில் பல மாதம் நல்ல தண்ணீர் கிடைக்காது. ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். தீர்த்தம் வேண்டும் என்கிறவர்கள் அழகர்கோவில் மலைமேல் நூபுரகங்கைக்குப் போய், இரு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவராகச் சேர்ந்து எடுத்து வரட்டும். அந்தப் பயணமே பாதிச் சடங்கு.

என்னைக் கேட்டால், மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு முளைப்பாரியைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

முளைப்பாரி: ஒன்பது நாள் வேலை

சின்னக் கிண்ண மண்ணில் தானியம் தூவி முளைக்க விடுகிற பாலிகை தெளிப்பது பல சமூகக் கல்யாணங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அம்மன் கோவில் திருவிழாவில் முளைப்பாரி போட்டுக் கும்மி அடித்துப் பழகிய பெண்கள் எல்லாக் கிராமத்திலும் இருக்கிறார்கள். நாம் செய்யும் மாற்றம் ஒன்றுதான்: இரண்டு வீட்டு மண்ணையும் கலந்து, அந்தக் கலவையில் இரண்டு சட்டி போட்டு, வீட்டுக்கு ஒன்றாக வளர்ப்பது. மேடையில் ஐந்து நிமிடம் நடக்கிற சடங்கு இப்படி ஒன்பது நாள் வேலையாகிறது. "உங்க சட்டியில எவ்வளவு வந்திருக்கு? எங்களுது இன்னும் தலையே காட்டலையே" என்று தினமும் ஒரு போன் வரும். அந்தப் போனுக்காகவே இதைச் செய்யலாம்.

சட்டி வாய் அகன்றதாக, அடியில் துளையோடு இருக்க வேண்டும். மானாமதுரைச் சட்டி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பக்கத்தில் விற்கும் எந்த மண்சட்டியும் போதும். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், உள்ளே ஈரம் தேங்கும்.

மண் எடுப்பதை ஒரு நல்ல நாளில் இரு வீட்டாரும் சேர்ந்தே செய்யுங்கள். வயல் இருந்தால் வயலில், இல்லாவிட்டால் வீட்டுத் தோட்டத்தில், அதுவும் இல்லாவிட்டால் குலதெய்வக் கோவில் அருகே பூசாரியிடம் கேட்டுக்கொண்டு ஒரு கூடை. திருமங்கலம் பக்கத்துக் கரிசலாக இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விதை அழுகும். அதற்குச் சரிபாதி மணலும் தூளாக்கிய காய்ந்த சாணமும் சேர்த்துப் பொலபொலவென்று ஆக்கிக்கொள்ள வேண்டும். செம்மண்ணுக்கு எருத்தூள் மட்டும் போதும்.

தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, உளுந்து, துவரை, சோளம், கம்பு, கேழ்வரகு, நெல் என்று ஒன்பது வகை எடுத்து, முதல் நாள் இரவே ஊற வையுங்கள். நெல் முளைக்க நேரம் எடுக்கும், அதை மட்டும் ஒரு நாள் முன்னதாக ஊறப் போடுங்கள். கடையில் வாங்கும் பழைய பயறு முளைக்காமல் ஏமாற்றும். ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. உடைத்த பருப்பு முளைக்காது, முழுப்பயறாகத்தான் இருக்க வேண்டும்.

போடுகிற நாளில் சட்டியின் அடியில் வைக்கோலைச் சுருட்டிப் பரப்பி, மேலே மண் கலவையை முக்கால் அளவுக்கு நிரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, எருத்தூளால் மெல்ல மூடுங்கள். தண்ணீர் தெளித்து, மேலே ஒரு கை வைக்கோல். விதை தூவும்போது பெண்ணின் அம்மா ஒரு பிடி, மாப்பிள்ளையின் அம்மா ஒரு பிடி, பாட்டிகள், அத்தைகள், அக்கா தங்கைகள் என்று மாறி மாறிப் போடட்டும். இரண்டு சட்டிக்கும் இரு வீட்டுக் கையும் பட வேண்டும்.

பிறகு சட்டியை வெயில் படாத இருட்டறையில் வைக்க வேண்டும். வெயில் பட்டால் முளை பச்சையாகிக் குட்டையாக நிற்கும். இருட்டில்தான் வெளிர் மஞ்சளாக, ஒல்லியாக, நேராக உயரும். காலையும் மாலையும் தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. இரண்டாம் மூன்றாம் நாளில் முளை வைக்கோலைத் தூக்கும், அப்போது வைக்கோலை எடுத்துவிடலாம். புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம், ஒரு வேளை நிறுத்துங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் எட்டாம் நாளே ஒரு சாணுக்கு வந்துவிடும். தை மாதப் பனியில் ஒரு நாள் இரண்டு நாள் கூடுதலாகக் கணக்கு வையுங்கள்.

ஒரு வீட்டுச் சட்டி செழித்து இன்னொன்று சோர்ந்து போகலாம். அதைச் சகுனமாகப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். மண்ணும் விதையும் ஒன்றுதான், இடமும் தண்ணீரும்தான் வேறு என்று பெரியவர் ஒருவர் முதல் நாளே சொல்லி வைத்துவிட வேண்டும். கூடுதலாக ஒரு சின்னச் சட்டி போட்டு வைத்தால் இன்னும் நிம்மதி.

பெண் அழைப்பு மாலையில் இரண்டு சட்டியும் மண்டப வாசலுக்கு வரட்டும். பெண் வீட்டுச் சட்டியை மாப்பிள்ளை வீட்டுப் பெண் சுமக்க, மாப்பிள்ளை வீட்டுச் சட்டியைப் பெண் வீட்டுப் பெண் சுமக்க, உள்ளே கொண்டுவந்து நடுவில் வைத்துச் சுற்றிக் கும்மி அடிக்கலாம். கும்மிப்பாட்டு தெரிந்த பெரியம்மா ஒருவர் இருந்தால் பாட்டுப் பெட்டி தேவையில்லை. மறுநாள் மணவறைக்கு இரண்டு பக்கமும் சட்டிகள் நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு கண்மாயிலோ ஊருணியிலோ கிணற்றடியிலோ முளையைக் கரைத்துவிட்டு, மண்ணைப் புதுவீட்டுத் தொட்டியில் கொட்டி ஒரு மல்லிகைப் பதியன் வைக்கலாம்.

மேடையில் எங்கே வைப்பது

தாலி கட்டுவதற்கு முந்தின அரை மணி நேரத்தில் எதையும் நுழைக்காதீர்கள். புதுச் சடங்குக்கு ஏற்ற இடம் இரண்டு. முந்தின நாள் மாலை, அல்லது மாலை மாற்றி முடித்து பாலும் பழமும் கொடுக்கும் நேரம். ஐயர், மேளக்காரர், வீடியோக்காரர் மூவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெட்டிமேளம் எப்போது, மென்மையாக வாசிப்பது எப்போது என்று மேளக்காரருக்குத் தெரிந்தால் சபை தானாக அமைதியாகும். ஒலிபெருக்கியில் யாராவது இரண்டு வரியில் என்ன நடக்கிறது என்று சொல்லட்டும், சொற்பொழிவு வேண்டாம்.

ஒதுங்கி நிற்கும் அம்மாக்கள்

இதைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியை முடிக்க எனக்கு மனமில்லை. கணவரை இழந்த அம்மா, தன் பிள்ளையின் கல்யாணத்தில் தூண் ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையைத் தனி ஆளாக வளர்த்து மணவறை வரைக்கும் கொண்டுவந்தவர் அவர். குடும்பங்களைச் சேர்க்கும் சடங்கு என்று சொல்லிவிட்டு அவரை வெளியே நிறுத்தினால் அந்தச் சடங்கு எதற்கு? விதை தூவும்போது முதல் பிடியை அவர் கையில் கொடுங்கள். விளக்கு ஏற்றுவதானால் அவரும் ஏற்றட்டும்.

ஆனால் திடீரென்று மேடையில் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பத்து நாள் முன்னால், வீட்டில், தனியாக அவரிடமே கேட்க வேண்டும். சம்பந்தியம்மாவே வந்து "நீங்கதான் முதல்ல போடணும், நான் உங்க கூட நிக்கிறேன்" என்று சொன்னால் அதன் பலம் வேறு. அவருக்கே தயக்கம் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். அட்சதை கலக்கும் வேலையை வீட்டில் வைத்து அவரிடமே விட்டுவிடலாம். சபை முழுக்கப் போடுவது அவர் கலந்ததாக இருக்கும்.

மறுமணமும் பிள்ளைகளும்

மறுமணத்தில் பிள்ளை இருந்தால், சேர்வது மூன்று குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் ஒரு மாலை வாங்குங்கள், பெரியவர்களுடையதைப் போலவே, அளவில் மட்டும் சின்னதாக. தாலித் தட்டை எடுத்து வரும் வேலையை விருப்பப்பட்டால் பிள்ளையிடம் கொடுக்கலாம். தண்ணீர் கலப்பதானால் மூன்றாவது செம்பு அதனுடையது. "இனி இவரை அப்பான்னு கூப்பிடு" என்று மேடையில் வைத்துச் சொல்ல வைப்பது மட்டும் வேண்டாம். அது அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்போது வரட்டும்.

வேறு மதம், வேறு முறை

இரு வீட்டு வழிபாடும் வேறு என்றால், சாமி கும்பிடுகிற செயலைப் பொதுச் சடங்காக்காமல் மண், தண்ணீர், செடி, சாப்பாடு இவற்றில் ஒன்றை எடுங்கள். யாருக்கும் உறுத்தாது. தமிழ்க் கிறிஸ்தவர் கல்யாணத்திலும் தாலி கட்டும் வழக்கம் பரவலாக உண்டு என்பதால், அங்கே பொது இடம் நினைப்பதைவிட அதிகம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு போதும். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லியோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ நடக்கும் கல்யாணம் புரோகிதர் இல்லாமலே செல்லும். மதம் மாறாமல் இரு மதத்தவர் செய்துகொள்வது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் வரும், அதற்கு 30 நாள் அறிவிப்பு உண்டு. ஆகவே மண்டபத் தேதியை அதற்கேற்ப வையுங்கள். எந்த முறையானாலும் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு இரு பக்கத்திலிருந்தும் சாட்சிகளைக் கூட்டிப் போங்கள்.

பந்தியும் மொய் நோட்டும்

முதல் பந்தியில் பெண் வீட்டு இளைஞர்கள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறுவது வழக்கம்தான். இரண்டாம் பந்தியில் இதைத் திருப்புங்கள். மாப்பிள்ளையின் தம்பி வாளியோடு வந்து பெண்ணின் தாத்தாவுக்குச் சாம்பார் ஊற்றட்டும். சமையல்காரரிடம் சொல்லி ஒரே ஒரு பந்திக்கு இரண்டு பதார்த்தத்தை மட்டும் வீட்டு ஆட்கள் பரிமாற விடச் சொன்னால் போதும், அவர் வேலையும் கெடாது.

மொய் நோட்டை மட்டும் கலக்காதீர்கள். நம் பக்கத்தில் செய்முறை என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. யார் எந்த வீட்டுக்காக எழுதினார்கள் என்பது இருபது வருடம் கழித்தும் தேவைப்படும். இரண்டு மேசை, இரண்டு நோட்டு, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். வந்தவர் தெரியாமல் மாற்றி எழுதினால் அங்கேயே பேசித் திருத்திக்கொள்ளலாம்.

மறுவீடு

மண்டபத்தில் தொடங்கியதற்கு மறுவீடுதான் அடுத்த படி. பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் போய்க் கறிவிருந்து சாப்பிட்டுத் திரும்புவதாக வைக்காமல், மாப்பிள்ளை வீட்டிலிருந்து கல்யாணத்தில் சரியாகப் பேச முடியாமல் போன இரண்டு மூன்று பேரையாவது கூட அனுப்புங்கள். அங்கிருக்கும் பாட்டியைப் பார்க்க இந்த வீட்டுப் பாட்டி போவது மிகவும் நல்லது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும், சமைக்கிறவர்களுக்கு அது உதவி. அடுத்து வரும் ஆடிச் சீருக்கும் தலை தீபாவளிக்கும் யார் யார் போவது என்பதையும் அன்றைக்கே பேசி வைத்துவிட்டு வரலாம்.